எதற்காகப் படிக்க வந்தார்கள்?



அளவெட்டிக்குக் கிழக்கே தெல்லிப்பழை, மேற்கே பண்டத்தரிப்பு. கும்பிளாவளைப் பிள்ளையாரின் ஊர், நாதஸ்வரமும் தவிலும் குடிகொண்ட ஊர் என்றுதான் அளவெட்டியை நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரின் இரு பக்கத்திலும் இரண்டு அமெரிக்கர்கள் வந்து குடியேறினார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவேண்டும். 1816இல் தெல்லிப்பழையில் டானியல் பூர் பாதிரியார். 1820இல் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன பாழடைந்த கோயில் வளவுகளைச் செப்பனிட்டு, அங்கேயே வீடும் பள்ளிக்கூடமும் அமைத்துக்கொண்டார்கள். இடையிலே கிடந்த அளவெட்டித் தோட்டக்காரனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கேள்வி எழுந்தது. பையனை எங்கே அனுப்புவது? திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரிடமா, வெள்ளைக்காரப் பாதிரியிடமா?

இன்றைக்கு நாம் பேசப்போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். ஒரு பள்ளிக்கூடத்தை ஏன் தெரிந்தெடுத்தார்கள்? தமக்கு உறவில்லாத ஒரு மொழியை ஏன் விழுந்து விழுந்து படித்தார்கள்? பல்கலைக்கழக மாணவர்களிடம் இப்பொழுது வினாக்கொத்துக் கொடுத்து விடை வாங்குகிறார்கள். 1820ஆம் ஆண்டுப் பையனிடம் அப்படி வாங்க முடியாது. ஆனால் அவன் என்ன செய்தான் என்பது நமக்குத் தெரியும். பல சமயங்களில் வாய்மொழியைவிட அது நல்ல சாட்சி.

முதலில் யாரும் விரும்பிப் போகவில்லை. பாதிரிமார் தங்கிப் படிக்கும் பள்ளிகளைத் தொடங்கி உணவும் உடையும் இலவசமாகத் தருவோம் என்று அறிவித்தபோதுகூடப் பெற்றோர் தயங்கினார்கள். தயக்கத்துக்குக் காரணம் சமயம் மாத்திரம் அன்று, சமையலுங்கூட. மிசன் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட்டால் சாதி கெட்டுவிடும் என்று பயந்தார்கள். ஆகவே ஒரு சைவரின் காணியிலே, சைவச் சமையற்காரரைக் கொண்டு சோறு ஆக்கவேண்டியிருந்தது. பின்னாளில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற், 1850இல் வெளியிட்ட நூலில் இந்தச் சங்கதியைச் சற்றுப் பரிகாசத்தோடு எழுதியிருக்கிறார். எனக்கு அதில் பரிகாசம் தெரியவில்லை. பிள்ளைக்குப் படிப்பும் வேண்டும், குடிப்பிறப்பும் குறையக்கூடாது என்ற ஒரு பேரம்பேசல்தான் தெரிகிறது. அந்தப் பேரம்பேசல் யாழ்ப்பாணத்துக் கல்வியில் இன்றுவரை ஓயவில்லை.

இன்னொரு பேரம் பெயரைப் பற்றியது. அமெரிக்காவில் உள்ள ஒரு கனவானோ ஒரு சபையோ ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பி ஒரு பிள்ளையைத் தாங்கும். அதற்குக் கைம்மாறாக அவர்கள் விரும்பிய பெயர் பிள்ளைக்குச் சூட்டப்படும். இப்படித்தான் மானிப்பாய்ப் பையன் ஆர்னல்ட் ஆனான்; வேறொருவன் நெவின்ஸ் ஆனான்; மற்றொருவன் பிறெக்கன்றிட்ஜ் ஆனான். 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை பிறந்தபோது அதன் ஆசிரியர்களின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இருவரும் அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள்.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. உடுவிலில் 1824இல் பெண்களுக்கான தங்கும் பள்ளியை ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கியபோது, பெண்ணைப் படிக்கவைத்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், கிடைக்க உத்தியோகமே இல்லை. அப்போது மிசன் கண்டுபிடித்த வழி நமக்கு நன்கு விளங்கக்கூடியது. படிப்பை முடித்துச் செல்லும் பெண்ணுக்கு ஒரு சிறு சீதனம்! யாழ்ப்பாணத்தாரின் நாடியைப் பாதிரிமார் எவ்வளவு சரியாகப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி திறக்கப்பட்டது. பூர் அவர்களே அதிபர். நோக்கத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். ஆங்கிலம் ஆழமாகக் கற்பிக்கப்படும். தமிழ் இலக்கியம் பேணப்படும். தேர்ந்த சிலருக்குச் சமஸ்கிருதம். வேதநூலை மூலத்திலிருந்து படிக்கவேண்டியவர்களுக்கு எபிரேயம், கிரேக்கம், இலத்தீன். கிடுகு வேலிகளுக்கு நடுவே எபிரேயம்! இத்தனைக்கும் அது கல்லூரி என்ற பெயரைப் பெறமுடியவில்லை. தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் அமெரிக்கர் இங்கே வேரூன்றுவதை விரும்பாதவர். எனவே பெயர் செமினறி என்றே நின்றது.

பாதிரிமாரின் கணக்கு எளிமையானது. ஆங்கிலத்துக்காக வருவான், வேதத்தோடு போவான். பையனின் கணக்கோ இதற்கு நேர்மாறு. வேதத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம், ஆங்கிலத்தோடு போவோம். இந்த இரண்டு கணக்கும் முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சீர்திருத்தங்கள் வந்தன. அரசாங்க உத்தியோகம் நாட்டவருக்கும் உண்டு, ஆனால் ஆங்கிலம் தெரிந்தவர்க்கு மாத்திரமே என்றாயிற்று. அதோடு நிலைமை தலைகீழாக மாறியது. முன்பு பாதிரிமார் வீடு வீடாகப் போய்ப் பையன்களைக் கேட்டார்கள். இப்பொழுது தகப்பன்மார் மிசன் வாசலில் வந்து நின்றார்கள். முன்பு சோறு போட்டுப் படிப்பித்த இடத்தில், கடைசி ஆண்டுகளில் பணம் கட்டிப் படிக்கவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். நீரில்லாத, நிலம் சிறுத்த, பனையையும் புகையிலையையும் நம்பிய ஒரு குடாநாட்டில், கச்சேரி எழுதுவினைஞர் பதவி என்பது மழையை எதிர்பாராத விளைச்சல். யார்தான் வேண்டாம் என்பார்?

ஆனால் செமினறியில் நடந்ததெல்லாம் உத்தியோகப் பயிற்சி அன்று. அங்கே வானசாத்திரம் கற்பித்தார்கள். 1829இல் ஒரு சந்திர கிரகணம் தொடர்பாக அராலிப் பஞ்சாங்கக் கணிப்புக்கும் பூரின் கணிப்புக்கும் வேறுபாடு தோன்றி, ஊரே கூடி வானத்தைப் பார்த்த கதையை ஜே. வி. செல்லையா தம்முடைய செமினறி வரலாற்றில் சொல்கிறார். பூரின் கணக்குச் சரியாக வந்தது. அன்றிரவு வளவில் நின்று அண்ணாந்து பார்த்த பையன் ஒருவன், அடுத்த நாள் எந்த நோக்கத்தோடு வகுப்புக்குப் போயிருப்பான்? உத்தியோகம் ஒரு புறம் இருக்க, கிரகணத்தைக் கணிக்கும் வித்தையில் அவனுக்கு ஆசை பிறந்திராதா?

1855 வந்தது. அமெரிக்காவிலிருந்து மிசன் தலைமைச் செயலாளர் றூபஸ் அன்டர்சன் குழுவோடு வந்து இறங்கினார். மிசன் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடம் குருமாரையும் உபதேசிமாரையும் உண்டாக்கவேண்டும். இதுவோ அரசாங்கத்துக்கு எழுதுவினைஞர்களை உண்டாக்குகிறது. ஆங்கிலம் படித்தவன் தன் ஊரை விட்டு ஓடுகிறான். கல்வி தாய்மொழியில் இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. அந்த ஆண்டே செமினறி மூடப்பட்டது. ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்கது என்று தெனன்ற் புகழ்ந்த ஒரு கலைக்கூடம், மாணவருடைய மனத்தில் இருந்த நோக்கம் சரியில்லை என்ற குற்றத்துக்காக மூடப்பட்டது.

நேயர்களே, இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். தமிழில் படி என்று சொன்னவர் பொஸ்ரனிலிருந்து வந்தவர். ஆங்கிலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் வட்டுக்கோட்டைத் தமிழர்கள். நம்முடைய மொழிப் போராட்ட நினைவுகளோடு இதைப் பார்க்கும்போது யாரை மெச்சுவது என்று தடுமாற்றமாகத்தான் இருக்கிறது. அன்டர்சன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவருக்குத் தமிழ்மேல் காதல் கிடையாது. மலிவான வழியில் மனமாற்றம் வேண்டும், அவ்வளவுதான். பையன்களுக்கும் ஆங்கிலத்தின்மேல் காதல் கிடையாது. இரண்டு பக்கமும் மொழியை ஒரு ஏணியாகவே பார்த்தன. எந்த மாடிக்குச் சாத்துவது என்பதில்தான் சண்டை.

செமினறி மூடியபின் ஊர் சும்மா இருந்ததா? இல்லை. பழைய மாணாக்கரான பிறெக்கன்றிட்ஜ், அதே வட்டுக்கோட்டையில் சொந்தமாக ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்தினார். மிசன் கைவிட்ட தொழிலை மிசனின் பிள்ளையே எடுத்துச் செய்தார்! 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியதும் அன்டர்சனின் தீர்ப்பு நடைமுறையில் தள்ளுபடியாயிற்று.

இனி, உத்தியோகத்துக்காக ஆங்கிலம் படித்த அந்தப் 'பழுதான' மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்போம். சிறுப்பிட்டியிலிருந்து ஒருவர் தெல்லிப்பழை மிசன் பள்ளியில் படித்து 1844இல் செமினறிக்குப் போனார். எட்டு வருடம் அங்கே இருந்தார். பேர்சிவல் பாதிரியார் அழைக்க, 'தினவர்த்தமானி' பத்திரிகைக்காகச் சென்னை சென்றார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு முதற் பி.ஏ. பரீட்சை நடந்தபோது தேறியவர்கள் இருவர். ஒருவர் இவர், மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டை விளைச்சல். தமிழகத்தின் முதற் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தார் என்று நாம் மார்தட்டுவது இதை வைத்துத்தான். உத்தியோகமும் குறைவில்லை, நம் சிறுப்பிட்டியார் புதுக்கோட்டையில் நீதிபதியாகவே இருந்தார்.

ஆனால் சி. வை. தாமோதரம்பிள்ளையை யாராவது நீதிபதி என்று நினைவில் வைத்திருக்கிறார்களா? வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும், சூளாமணியை 1889இலும் அச்சேற்றியவர் அவர். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடம் தீர்மானிக்கும் அந்தப் பொறுமையை அவருக்கு யார் கொடுத்தார்? தமிழ்ப் பண்டித மரபும் கொடுத்தது. செமினறியில் கற்ற ஒழுங்கும் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணிதம் எழுதினார். நாவலரை எதிர்த்துக் கண்டனமும் எழுதிப் பிறகு சைவத்துக்கே திரும்பினார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் தமிழில் 'நியாய இலக்கணம்' செய்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்தார். பதவிக்காகப் போனவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து இத்தனையும் வந்தது. நெவின்ஸ் குடும்பத்தின் கதை இன்னும் வேடிக்கை. அந்தக் குடும்பத்து நெவின்ஸ் செல்வத்துரை, சைவர்கள் நடத்திய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் நெடுங்காலம் அதிபராக இருந்தார்!

அன்டர்சனின் கவலையை நேர்மையாகப் புரிந்துகொண்டவர் இன்னொரு அமெரிக்கர். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர். மானிப்பாயில் அவர் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் அரசாங்கச் சம்பளத்துக்கு வெளியூர் போய்விட்டார்கள். மானிப்பாயில் காய்ச்சல்காரன் அப்படியே கிடந்தான். கிறீன் யாரையும் திட்டவில்லை, பள்ளிக்கூடத்தையும் மூடவில்லை. 1864முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அதற்காக உடற்கூறு, இரசாயனம், பிரசவ வைத்தியம் என்று நூல் நூலாக மாணவரைக்கொண்டு மொழிபெயர்த்தார். தமிழில் கற்ற வைத்தியன் ஊரிலே நிற்பான் என்பது அவர் கணக்கு. அது பெருமளவு பலித்தது. அவரிடம் கற்றவர் அறுபதுக்கு மேற்பட்டோர், அதில் பாதிக்கு மேல் தமிழில் கற்றவர்கள். ஒரு மொழி ஆளை ஊரில் நிறுத்தவும் செய்யும், ஊரைவிட்டு அனுப்பவும் செய்யும் என்று இவ்வளவு தெளிவாகக் கண்டவர் அன்று வேறு யாருமில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தமிழில் படித்தவர்களுக்கு வெளியே போகும் வழி இல்லாததும் அவர்கள் நின்றதற்கு ஒரு காரணம்.

நாவலர் இந்த நோய்க்கு வேறு மருந்து தேடினார். பேர்சிவலின் மெதடிஸ்தப் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராக இருந்து, வேதாகம மொழிபெயர்ப்பிலும் உதவியவர் அவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தமிழும் சைவமும் போதும் என்றுதான் தொடக்கம். ஆனால் தகப்பன்மாருக்குப் போதவில்லை. 1872இல் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பணமின்றி நின்றுபோயிற்று. சைவத்தைக் காக்கவும் ஆங்கிலம் வேண்டியிருந்தது என்பது அவருக்கு இனித்திருக்காது.

இதே பாதையில்தான் அளவெட்டிப் பிள்ளைகளுக்கு அருகில் ஒரு கல்லூரி கிடைத்தது. யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து, பின் சைவத்துக்குத் திரும்பிய பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தெல்லிப்பழை அம்பனையில் மகாஜனாவைத் தொடங்கினார். சமயத்தை விலையாகக் கொடுக்காமல் ஆங்கிலம் படிக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. அது மலாயாக் காலம். அங்கே புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தார் நிறைந்திருந்தார்கள். மாதாமாதம் வரும் மணியோடர், நாற்சார வீட்டின் சுவராகவும் தங்கையின் சீதனமாகவும் மாறியது. இலண்டன் மற்றிக்குலேசனுக்காக இலத்தீன் வினைச்சொற்களை மனனம் பண்ணிய தலைமுறையும் அதுதான். எதற்கு இலத்தீன் என்று யாரும் கேட்கவில்லை, பரீட்சைக்கு இருந்தது, படித்தார்கள்.

இவ்வளவும் பேசும்போது 'தெரிந்தெடுத்தார்கள்' என்ற சொல்லை நான் தாராளமாகப் பயன்படுத்திவிட்டேன். எல்லாருக்கும் தெரிவு இருந்ததா? ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். 1920களின் இறுதியில் சம ஆசனம் என்ற உத்தரவு வந்தபோது எழுந்த எதிர்ப்பு, நம் கல்விப் பெருமையின் மறுபக்கம். அந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி நல்லது என்பதற்கு முன்னே, எந்தப் பள்ளி உள்ளே விடும் என்பதே கேள்வி.

மகாஜனாவில் படித்த இரு அளவெட்டியாரை மறக்காமல் சொல்லவேண்டும். 1924இல் பிறந்த அ. ந. கந்தசாமி, ஆங்கிலத்தின் வழியாக எமிலி சோலாவைக் கண்டு 'நானா'வைத் தமிழாக்கினார். 1927இல் பிறந்த உருத்திரமூர்த்தி, நம் மஹாகவி, ஆங்கிலம் தந்த எழுதுவினைஞர் வேலைக்குத்தான் கொழும்பு போனார். அதே ஆங்கிலத்திலிருந்து லிமரிக் என்ற ஐந்தடிக் கேலிப்பாட்டை எடுத்துத் தமிழ் ஓசைக்கு வளைத்து, 1966இல் 'குறும்பா' என்று நம் கையில் தந்தார். பாடத்திட்டத்தில் லிமரிக் இல்லை. உத்தியோகத்துக்கும் அது உதவாது. எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

1956க்குப் பிறகு கதை மாறியது. சிங்களம் படித்தால் பதவி உயர்வு, படிக்காவிட்டால் நின்ற இடத்தில் நிற்கவேண்டும் என்றபோது, அதே யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்களில் பலர் படிக்க மறுத்தார்கள். எபிரேயத்துக்கும் இலத்தீனுக்கும் அஞ்சாதவர்களுக்கு, அண்டை வீட்டு மொழி கடினமாக இருந்திருக்காது. கட்டளையாக வந்ததுதான் கசந்தது. அதற்கு மூன்று பத்தாண்டுகளுக்கு முன்பு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சிங்களத்தையும் பள்ளிகளில் கற்பிக்கவேண்டும் என்று தானாகவே பேசியது என்பதை இங்கே வைத்துப் பாருங்கள். எழுபதுகளில் தரப்படுத்தல் வந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறந்தது. அவை தனித்தனியே பேசவேண்டிய விடயங்கள்.

1983ஐ ஒட்டிய காலத்தில் நம் இளைஞர்கள் தெரிந்தெடுத்த ஒரு பள்ளிக்கூடத்தை மட்டும் சொல்கிறேன். நோர்வேயில் மக்கள் உயர்பள்ளிகள் என்று உண்டு. தங்கிப் படிக்கும் பள்ளிகள். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. மனிதனை மனிதனாக வாழப் பழக்குவது நோக்கம். பரீட்சையே உயிரென வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையனுக்கு இதைப்போல் பொருந்தாத பள்ளி வேறு கிடையாது. ஆயினும் நூற்றுக்கணக்கில் போனார்கள். 1956இலேயே நோர்வே சென்று, பின்பு காரைநகரில் சீநோர் மீன்பிடித் திட்டத்தை உருவாக்கிய அந்தோனி இராஜேந்திரத்தின் வழியாக அந்த நாடு நமக்கு முன்னமே அறிமுகமாகியிருந்தது. பள்ளியில் இடம் கிடைத்தால் விசா கிடைக்கும், விசா கிடைத்தால் உயிர் தப்பும். நகையை ஈடு வைத்தும் காணியை விற்றும் பிள்ளைகளை அனுப்பினார்கள். அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பையன்களின் நோக்கம் விளங்காமல் இருந்திராது. பூருக்கு விளங்கியதுபோல. ஆண்டு முடிய, பலர் வட கோடியில் மீன் ஆலைகளுக்குப் போய், கத்தியும் கையுமாக நின்றுதான் நோர்வேஜிய மொழியைச் சரளமாக்கிக்கொண்டார்கள்.

இப்பொழுது அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறார்கள். அங்கே தமிழ்தான் படித்தெடுக்கவேண்டிய மொழி. ழகரமும் ளகரமும் அவர்களுக்கு, நமக்கு இலத்தீன் இருந்ததுபோல. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும் ஒரு காலையில், ஏன் தமிழ் படிக்க வந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். பண்பாடு, அடையாளம் என்றெல்லாம் பெரியவர்கள் விழாவில் பேசுவார்கள். பிள்ளை கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்லும்:

"அம்மாதான் போகச் சொன்னவ."